'ஐ' எப்போது 'மீ' ஆகும்?

திரிங்காப் வட்டாரத்தில் ஆங்கிலத்தின் தேவை பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. கியா பார்ம் சந்தைக்குக் காய்கறி வாங்க வருகின்றவர்களும், சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைக் காண வருகின்றவர்களும் பல நாட்டினர். அவர்களில் பலரோடு பேசுவதற்கு நம் இளைஞர்களுக்கு ஆங்கிலமே துணை. அம்மொழியில் மிகச் சிறிய சொற்களில் ஒன்றாகிய 'மீ' என்பதை எங்கே வைப்பது என்பதில் பலருக்கும் தடுமாற்றம் உண்டு. ('மீ' என்றதும் கடையில் விற்கும் 'மீ கோரேங்' நினைவுக்கு வரலாம், இது வேறு!)

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். மலைப்பாதையின் வளைவில் மோட்டார் சைக்கிளில் செல்லும் தோட்டத்து இளைஞர் ஒருவரைச் சுற்றுலாப் பயணியின் கார் இடித்துவிடுகின்றது. "கார் என்னை இடித்தது" என்று சொல்ல நினைக்கும் அவர், பதற்றத்தில் 'ஐ ஹிட் தி கார்' என்று சொல்லிவிடுகிறார். இதன் பொருள் "நான் காரை இடித்தேன்" என்பதாகும். அடிபட்டவரே குற்றவாளி ஆகிவிடுகிறார்! 'தி கார் ஹிட் மீ' என்று அவர் சொல்லியிருக்க வேண்டும்.

இத்தவறு ஏன் நேர்கின்றது?

தமிழில் "கார் என்னை இடித்தது" என்றாலும், "என்னைக் கார் இடித்தது" என்றாலும் பொருள் ஒன்றே. 'நான்' என்பது 'என்' எனத் திரிந்து 'ஐ' உருபு ஏற்று 'என்னை' ஆகிவிட்டது. இதுவே நம் இலக்கணம் கூறும் இரண்டாம் வேற்றுமை. உருபு காவல் இருப்பதால் சொல் எங்கே நின்றாலும் பொருள் மாறுவதில்லை.

ஆங்கிலத்தில் அப்படி அன்று. வினைக்கு முன்னே நிற்பவர் செய்பவர். வினைக்குப் பின்னே நிற்பவர் அச்செயலுக்கு உள்ளாகின்றவர். முன்னே நின்றால் 'ஐ'. பின்னே நின்றால் 'மீ'. இடமும் மாற வேண்டும். வடிவமும் மாற வேண்டும்.

இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உள்ளது. பள்ளியில் அவர்கள் மலாய் மொழியும் பயில்கின்றனர். எளிய மலாயில் 'கெரெத்தா லங்கார் சாயா' என்றால் கார் என்னை இடித்தது. 'சாயா லங்கார் கெரெத்தா' என்றால் நான் காரை இடித்தேன். ஆங்கிலத்தின் சொல் வரிசையும் இதுவே. ஆனால், மலாயில் 'சாயா' எங்கும் 'சாயா'வாகவே இருக்கும். அதைப் பின்பற்றியே சிலர் ஆங்கிலத்திலும் வினைக்குப் பின்னே 'ஐ' போட்டுவிடுகின்றனர். ஆகவே, வரிசையை மலாயிலிருந்து நினைவுகொள்ளுங்கள். 'நான்' என்பது 'என்னை' ஆவதுபோல் வடிவம் மாறும் என்பதைத் தமிழிலிருந்து நினைவுகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்தால் விதி கைக்கு வந்துவிடும்.

பல வேற்றுமை, ஒரே சொல்

தமிழில் என்னை, எனக்கு, என்னிடம் என்று பல வடிவங்கள். ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னே பெரும்பாலும் 'மீ' ஒன்றே போதும். "மண்டோர் என்னை அழைத்தார்" என்பது 'தி மண்டோர் கால்ட் மீ'. "எனக்குக் கூடையைக் கொடு" என்பது 'கிவ் மீ தி பாஸ்கெட்'. "என்னிடம் கேள்" என்பது 'ஆஸ்க் மீ'. பழைய ஆங்கிலத்தில் 'என்னை' என்பதற்கு 'மெக்' என்று தனி வடிவமும் இருந்தது; காலப்போக்கில் அது வழக்கொழிந்து, இரண்டு பொருளுக்கும் ஒரே சொல் நிலைத்துவிட்டது.

ஆயினும், 'எனக்கு' என வரும் இடமெல்லாம் 'மீ' என்று எண்ணிவிடலாகாது. "எனக்குத் தெரியும்" என்பது 'ஐ நோ'. "எனக்குப் பசிக்கிறது" என்பது 'ஐ ஆம் ஹங்ரி'. "எனக்குக் காய்ச்சல்" என்று மருத்துவரிடம் கூறும்போது 'ஐ ஹேவ் எ ஃபீவர்' என்க. அறிவதையும் பசியையும் நோயையும் தமிழ் 'எனக்கு' என்று கூறும். ஆங்கிலம் அவற்றிற்கு உரியவரை வினைக்கு முன்னே நிறுத்தி 'ஐ' என்று கூறும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 'டெல் மீ', 'ஷோ மீ' என்பவை சரி. ஆனால் "எனக்கு விளக்குங்கள்" என்பதை 'எக்ஸ்பிளேய்ன் மீ' என்றல் பிழை. 'எக்ஸ்பிளேய்ன் இட் டு மீ' என்க. இடையில் வரும் 'டு' நம் 'கு' உருபின் வேலையைச் செய்கின்றது.

இருவர் சேர்ந்து வரும்போது

ஆங்கிலம் நன்கு கற்றவர்களும் தடுமாறும் இடம் இது. "ஆசிரியர் என் தம்பியையும் என்னையும் அழைத்தார்" என்பதற்கு 'தி டீச்சர் கால்ட் மை பிரதர் அண்ட் ஐ' என்பர் சிலர். 'ஐ' என்பதே மரியாதை என்று அவர்கள் எண்ணுவதே காரணம். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தம்பியை நீக்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 'தி டீச்சர் கால்ட் ஐ' என்று வருமா? வராது. ஆகவே 'மை பிரதர் அண்ட் மீ' என்பதே சரி. "தம்பியும் நானும் போனோம்" என்னும்போது, நாம் வினைக்கு முன்னே நிற்பதால், 'மை பிரதர் அண்ட் ஐ வெண்ட்' என்க.

பயிற்சி

பெற்றோர்கள் மாலையில் பிள்ளைகளிடம் இம்மூன்று வாக்கியங்களைக் கேட்டுப் பாருங்கள்: "அம்மா என்னைப் பார்த்தார்", "எனக்குத் தண்ணீர் வேண்டும்", "அவர் எனக்கும் அக்காளுக்கும் உதவினார்". விடைகள்: 'மதர் சா மீ', 'ஐ வாண்ட் வாட்டர்', 'ஹி ஹெல்ப்ட் மை சிஸ்டர் அண்ட் மீ'.

தவறினால் நகைக்க வேண்டாம். "செய்தவர் யார்? செயலுக்கு உள்ளானவர் யார்?" என்று மட்டும் கேளுங்கள். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இக்கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம். விடையைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.