டிராக்டருக்கு ஏற்ற கலப்பை

எருதுகளைக் கொண்டு உழும் உழவர், மாட்டின் வலுவைப் பாராமல் கலப்பையைப் பூட்டுவதில்லை. மெலிந்த எருதுகளுக்கு இலேசான கலப்பையும், திடமான எருதுகளுக்குக் கனத்த கலப்பையும் அவர் தெரிந்தெடுப்பார். மண் இறுகியிருந்தால் மேலாக உழுவார். பதம் வந்தபின் ஆழ உழுவார். ஓர் எருது தன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விசையுடன் நாள்தோறும் களைப்பின்றி இழுக்க வல்லது. இருவருமாக 850 கிலோ எடையுள்ள ஒரு சோடி எருதுகளுக்கு இது 85 கிலோ இழுவிசை ஆகும். இக்கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை எனினும் உழவரின் கை அதனை அறிந்திருந்தது.

அதே உழவர் டிராக்டர் வாங்கும்போது பெரும்பாலும் ஒரே வினாவைத்தான் எழுப்புகிறார்: “எத்தனை குதிரைத்திறன்?” எருதின் எடையையும் வலுவையும் சேர்த்தே எண்ணிப் பழகியவர், இயந்திரத்தின் எடையை எண்ண மறந்துவிடுகிறார். இம்மறதி அவருக்கு டீசலாகவும் டயராகவும் கடன் தவணையாகவும் செலவு வைக்கிறது. ஆகவே டிராக்டரின் திறன், எடை, கலப்பையின் அளவு ஆகிய மூன்றையும் பொருத்தும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

திறனும் பிடிப்பும்

களப்பணியாளர் அடிக்கடி காணும் காட்சி ஒன்றை நினைவு கூர்வோம். கரிசல் நிலத்தில் டிராக்டர் உழுது வருகிறது. திடீரெனப் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணைப் பறிக்கின்றன. வண்டி நகரவில்லை. சூழ நிற்பவர்கள், “இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும்” என்கின்றனர். இம்முடிவு தவறானது. எஞ்சினின் ஓசையைக் கூர்ந்து கேட்டாலே உண்மை விளங்கும். எஞ்சின் திணறி அதன் வேகம் தாழ்ந்தால் திறன் போதவில்லை என்பது பொருள். எஞ்சின் இயல்பாக ஓட, சக்கரம் மட்டும் சறுக்கிச் சுழன்றால் போதாதது திறனன்று. மண்ணின்மீது சக்கரத்திற்குள்ள பிடிப்பேயாகும்.

பிடிப்பைத் தருவது சக்கரத்தின்மீது அமரும் எடை. எத்துணை விசையுடன் இழுக்கலாம் என்பதற்கு எடை எல்லை வகுக்கிறது. அவ்விழுவிசையை எத்துணை வேகத்தில் கொண்டு செல்லலாம் என்பதற்குத் திறன் எல்லை வகுக்கிறது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் உட்பட்டு அமைந்த கலப்பையே அந்த டிராக்டருக்கு ஏற்ற கலப்பை.

இழுவிசையைக் கணக்கிடும் முறை

கலப்பை வெட்டும் சாலின் குறுக்குப் பரப்பை மண்ணின் தடையால் பெருக்கினால் தேவைப்படும் இழுவிசை கிடைக்கும். மண்ணின் தடை என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் சாலை வெட்டுவதற்கு வேண்டிய விசை. மணற்பாங்கான நிலத்தில் இது ஏறத்தாழ 0.25 கிலோ; வண்டல் கலந்த நடுத்தர மண்ணில் 0.4 முதல் 0.5 கிலோ, கனத்த களிமண்ணிலும் இறுகிய கரிசலிலும் 0.8 கிலோ அளவுக்கும் மேலும் உயரக்கூடும். ஈரப்பதத்திற்கேற்ப இவை மாறுபடும்.

மண்ணைப் புரட்டும் இருகொழுக் கலப்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கொழுவும் 30 சென்டிமீட்டர் அகலம் வெட்டுகிறது. உழவின் ஆழம் 20 சென்டிமீட்டர். சாலின் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர். நடுத்தர மண்ணின் தடையை 0.5 கிலோ எனக் கொண்டால் இழுவிசை 600 கிலோ.

இழுவிசையைக் கிலோவிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 270 ஆல் வகுத்தால் இழுவைக்கு வேண்டிய குதிரைத்திறன் வரும். மணிக்கு 4.5 கிலோமீட்டர் வேகத்தில் 600 கிலோ இழுவிசைக்கு 10 குதிரைத்திறன் தேவை.

35 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட டிராக்டரில் அத்திறன் முழுதும் கலப்பையைச் சென்றடைவதில்லை. பற்சக்கரங்களிலும், டயரின் சறுக்கலிலும், வண்டி தன்னையே மண்ணில் உருட்டிச் செல்வதிலும் ஒரு பகுதி கழிகிறது. வயலில் ஏறத்தாழப் பாதியே இழுவைக்குக் கிடைக்கும் எனக் கொள்வது பாதுகாப்பானது. அதாவது 17 குதிரைத்திறன். எனவே இருகொழுக் கலப்பைக்குத் திறன் தாராளமாக உள்ளது. மூன்று கொழுக்களைப் பூட்டினால் இழுவிசை 900 கிலோ, தேவையான திறன் 15. அதுவும் எஞ்சினுக்கு இயல்வதே. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர்.

எடை வகுக்கும் எல்லை

இந்த டிராக்டரின் எடை 1,800 கிலோ என்றும், பின்சக்கரங்களால் மட்டும் இயங்குவது என்றும் கொள்வோம். நிற்கும்போது அதன் எடையில் ஐந்தில் மூன்று பங்கு, சுமார் 1,100 கிலோ, பின்சக்கரங்களின்மீது அமர்கிறது. உழும்போது கலப்பையின் எடையில் பெரும்பகுதியும் முன்பகுதியின் எடையில் ஒரு பகுதியும் பின்னுக்கு மாறுவதால் இது ஏறத்தாழ 1,500 கிலோ ஆகலாம். கெட்டியான தரிசில் இவ்வெடையில் பாதியளவு இழுவிசை கிட்டும். புதிதாக உழுத நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. தளர்ந்த மணலில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு.

கெட்டியான நிலத்தில் நம் டிராக்டர் 750 கிலோ வரை இழுக்கும். இருகொழுக் கலப்பையின் 600 கிலோ இவ்வெல்லைக்குள் அடங்குகிறது. முக்கொழுக் கலப்பையின் 900 கிலோ அடங்கவில்லை. எஞ்சினால் இயன்றது சக்கரத்தால் இயலவில்லை. இறுகிய கரிசலிலோ இருகொழுக் கலப்பைக்கே 960 கிலோ தேவைப்படுகிறது. அங்கே ஆழத்தை 15 சென்டிமீட்டராகக் குறைத்தால் 720 கிலோ ஆகி, இரு கொழுக்களும் அரிதின் இயங்கும். ஆழம் குறைக்க மனமில்லாவிடில் ஒரு கொழுவைக் கழற்றிவிடுவதோ, மண் பதமாகும்வரை காத்திருப்பதோ தக்கது.

நம் நாட்டின் அண்மை வரலாறும் இதற்குச் சான்று கூறும். மத்திய இந்தியாவின் கரிசல் நிலங்களில் ‘கான்ஸ்’ என்னும் நாணல் வகைப் புல் ஆழமாக வேரோடிப் பெரும் பரப்புகளைப் பயிரிட இயலாதனவாக்கியிருந்தது. அதனை ஒழித்து நிலத்தை மீட்கும் பணியை மத்திய டிராக்டர் நிறுவனம் மேற்கொண்டது. அதற்கு வேண்டிய இயந்திரங்களுக்காக 1949-இல் உலக வங்கி இந்தியாவுக்கு 1 கோடி டாலர் கடன் அளித்தது. அப்பணியில் இரும்புச் சங்கிலித் தடங்களின்மீது ஊர்ந்து செல்லும் கனத்த டிராக்டர்கள் பயன்பட்டன. அவற்றின் முழு எடையும் தடங்களின்மீது அமர்வதாலும், நீண்ட தடம் மண்ணை விரிவாகப் பற்றுவதாலும் அவை எடைக்கு ஏற்ற மிகுந்த இழுவிசையைத் தரவல்லன.

எடையைப் பயன்படுத்தும் நுட்பம்

அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன், கலப்பையைத் தனியே பின்னால் கட்டி இழுக்காமல் மூன்று புள்ளிகளில் டிராக்டருடன் இணைத்து, ஹைட்ராலிக் அமைப்பால் அதனைக் கட்டுப்படுத்தும் முறையை 1920-களில் உருவாக்கினார். இம்முறை 1939-இல் ஹென்றி போர்டின் டிராக்டரில் இடம்பெற்று, பின்னர் உலகெங்கும் பரவியது. இறுகிய திட்டு ஒன்று எதிர்ப்பட்டு இழுவிசை மிகும்போது, இவ்வமைப்பு கலப்பையைச் சற்றே உயர்த்துகிறது. அதனுடன் பின்சக்கரங்களின்மீது எடையும் கூடுகிறது. இதனால் இலேசான டிராக்டரும் தன் எடைக்கு மிஞ்சிய வேலையைச் செய்கிறது. மண் புரட்டும் உழவில் ஹைட்ராலிக் கைப்பிடியை இழுவிசைக் கட்டுப்பாட்டில் வைத்தால்தான் இப்பயன் கிட்டும். நிலைக் கட்டுப்பாட்டிலேயே வைத்து உழுபவர், விலை கொடுத்து வாங்கிய வசதியைப் பயன்படுத்தாமல் விடுகிறார்.

பின்சக்கரங்களில் வார்ப்பிரும்பு எடைகளைப் பூட்டுவதாலும், டயரில் முக்கால் பங்குவரை நீர் நிரப்புவதாலும் பிடிப்பைக் கூட்டலாம். ஆயினும் 200 கிலோ எடை சேர்த்தால் கூடும் இழுவிசை 100 கிலோ அளவே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மூன்றாவது கொழுவுக்காக நூற்றுக்கணக்கான கிலோ எடையை ஏற்றினால் அச்சும் பற்சக்கரங்களும் டயரும் நலியும். அடிமண் இறுகி வேரும் நீரும் இறங்கத் தடையாகும். தயாரிப்பாளரின் கையேடு குறிக்கும் எல்லையை மீறலாகாது. உழவு முடிந்தபின் கூடுதல் எடைகளைக் கழற்றிவிட்டால் டீசல் மிச்சமாகும்.

இழுவிசைக்கு எட்டாது எஞ்சும் திறனை வேறு வகையிலும் பயன்படுத்தலாம். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டால் சுழலும் ரோட்டவேட்டருக்குத் திறன் தண்டின் வழியே செல்வதால் சக்கரப் பிடிப்பு அதிகம் தேவைப்படுவதில்லை. நான்கு சக்கரங்களாலும் இயங்கும் டிராக்டரில் முன்பகுதியின் எடையும் பிடிப்புக்குப் பயன்படுகிறது.

வயலில் ஒரு சோதனை

பொருத்தம் சரியா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சுண்ணக்கட்டியும் அளவு நாடாவும் போதும். பின்சக்கரத்தில் ஒரு குறியிட்டு, கலப்பையை உயர்த்தியவாறு அதே வயலில் சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தொலைவை அளக்க வேண்டும். பின்னர் உழுதுகொண்டே 10 சுற்றுக்கான தொலைவை அளக்க வேண்டும். முதல் அளவு 40 மீட்டர், இரண்டாவது 35 மீட்டர் எனில் குறைவு 5 மீட்டர், சறுக்கல் 12.5 சதவீதம்.

சறுக்கல் 10 முதல் 15 சதவீதத்திற்குள் இருந்தால் பொருத்தம் நன்று. அதனினும் மிகக் குறைந்தால் டிராக்டர் வேண்டாத எடையைச் சுமக்கிறது, அல்லது கலப்பை சிறியது. இரண்டாவது அளவு 30 மீட்டராகக் குறைந்தால் சறுக்கல் 25 சதவீதம். சக்கரத்தின் நான்கு சுற்றுகளில் ஒன்று வீணே கழிகிறது. டயரின் தேய்மானமும் டீசலும் அதனோடு செல்கின்றன. அப்போது ஆழத்தையோ கொழுவையோ குறைக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் வெளியிடும் அறிக்கைகளில் டிராக்டர்களின் எடையும் இழுவைத் திறனும் குறிக்கப்படுகின்றன. வாங்குமுன் உழவருக்கு அவற்றைப் படித்துக் காட்டுவது களப்பணியாளரின் கடமையாகும்.

உயிர்க்காப்பு

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால், சங்கிலியைப் பின்அச்சிலோ மேல் இணைப்பிலோ கட்டி இழுக்க முயல்வோர் உண்டு. அவ்வாறு உயரத்தில் கட்டி இழுத்தால் டிராக்டரின் முன்பகுதி எழும்பி, ஓரிரு நொடிகளில் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரின்மீது விழும். குதிக்க நேரமிராது. இழுப்பது எதுவாயினும் தாழ்வான இழுசட்டத்திலேயே கட்ட வேண்டும். முன்சக்கரங்களின்மீது டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கேனும் எப்போதும் அமர்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் திருப்புவதும் இயலாது.

ஆசிரியர்கள் இக்கணக்குகளை வகுப்பில் போட்டுக் காட்டலாம். உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன், தன் தந்தையின் டிராக்டருக்கு எத்தனை கொழு ஏற்றது என்பதைப் பலகையில் கணக்கிட்டுச் சொல்வானாயின், விசையும் திறனும் வேறு வேறு என்பதை அவன் பின்னர் மறக்கமாட்டான். அவன் வீட்டில் அடுத்த கலப்பை வாங்கும் நாளில், குதிரைத்திறனை மட்டும் கேட்டுத் திரும்பாமல் எடையையும் மண்ணையும் சேர்த்துக் கேட்பார்கள்.