ஒற்றைத் தண்டவாளமும் கணினிக் கருனியும்: ஒருங்கியங்கு செயல்களிற் கணக்குப் பிழைத்தல் பற்றிய ஒரு குறிப்பு

மலையகத் தோட்டங்களில் ‘பேர்’ என்பது ஒரு நாட்கூலியைக் குறிக்கும். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறையின் எழுதப்படுவது அரைப்பேர். ஆதலின் செக்ரோலில் ஏறும் எண் வெறும் எண்ணன்று. அவ்வெண் கணினியில் ஏறுவதாகக் கொள்வோம். ஒரு தொழிலாளியின் பெயரில் 14 கிலோ உள்ளது. காலை நிறுவையில் விடுபட்ட 5 கிலோவை ஒரு கணக்கப்பிள்ளை சேர்க்க முனையும் அதே கணத்தில், மாலைக் கொழுந்து 4 கிலோவை மற்றொருவர் சேர்க்கிறார். இருவரும் 14 என்றே வாசிக்கின்றனர். ஒருவர் 19 என எழுத, அதன்மேல் மற்றவர் 18 என எழுதுகிறார். வரவேண்டியது 23. எவரும் திருடவில்லை, இருவரும் தத்தம் அளவிற் சரியாகவே கூட்டினர். ஆயினும் 5 கிலோ மறைந்துவிட்டது.

பல செயலிகள் ஒரே தரவமைப்பைத் தொடும் இயக்குதளக் கருனியிலும் நிகழ்வது இதுவே. இதனைப் பந்தய நிலை என மொழிபெயர்ப்பர். அச்சொல் நமக்கு உடன்பாடன்று: இங்கு வெல்பவர் எவருமிலர், இழப்பவரோ ஓட்டத்திற் கலந்துகொள்ளாத மூன்றாமவர். லினக்ஸ் கருனியில் 2007 முதல் மறைந்திருந்த இத்தகைய வழுவொன்று, வாசிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்புகளிற் சாதாரண பயனரும் எழுத இடமளித்தது. 2016இலேயே அது திருத்தப்பட்டது.

தீர்வின் தருக்கத்தை மலைநாட்டுப் புகையிரதப் பாதை தெளிவாகக் காட்டும். 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய அப்பாதை ஒற்றைத் தண்டவாளமுடையது. ஹற்றனுக்கும் கொட்டகலைக்குமிடையே சிங்கமலைச் சுரங்கத்தில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால் விலக இடமில்லை. இங்கிலாந்தின் தோர்ப்பில் 1874இல், தந்திச் செய்தி குழம்பி, இரு முனைகளிலிருந்தும் வண்டிகள் விடப்பட்டு மோதின. அதன் பின்னர் எட்வேர்ட் ரையர் 1878இல் அமைத்த பொறியில், ஒரு பகுதிக்குரிய ‘ரப்லெட்’ வில்லையொன்று வெளியே இருக்கும்வரை, எம்முனையிலும் மற்றொன்றை எடுக்கவியலாது. வில்லையைக் கையிற் பெறாத சாரதி அப்பகுதிக்குள் நுழைதலாகாது. கருனியிற் பூட்டு எனப்படுவது இவ்வில்லையே. 1960களில் டைக்ஸ்ட்ரா தமது தீர்வுக்குச் ‘செமஃபோர்’ என்னும் புகையிரதக் கைகாட்டியின் பெயரையே இட்டமை தற்செயலன்று.

எனினும் பாதை முழுவதற்கும் ஒரே வில்லை எனின் நாடே காத்துக்கிடக்கும். 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 அவ்வாறே கருனி முழுவதற்கும் ஒரே பெரும்பூட்டை இட்டது; அதனைச் சிறுபூட்டுகளாகப் பிரித்து முற்றாக அகற்ற 2011 வரை சென்றது. பூட்டுகள் பெருகின், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றுக்காக இருவர் முடிவின்றிக் காத்திருக்கவும் நேரும். யாவரும் பூட்டுகளை ஒரே வரிசையிற் பெறவேண்டுமென்ற நியதி அதனைத் தடுக்கும்.

வாசிப்போர் பலராகவும் எழுதுவோர் சிலராகவும் உள்ள இடத்துக்கு, லினக்ஸ் 2002இல் வேறொரு வழியை ஏற்றது. எழுதுபவர் பிரதியெடுத்துத் திருத்திச் சுட்டியைப் புதியதற்கு மாற்றுவார். பழையதை வாசிப்போர் எல்லோரும் விலகும்வரை அதனை அழியார். ஆனால் இருவர் எழுதவரின் இம்முறை தனித்து உதவாது. நமது 5 கிலோவைக் காக்கப் பூட்டு வேண்டும். அன்றேல் வாசித்தல், கூட்டல், எழுதல் மூன்றையும் பிரிக்கவியலா ஒரே செயலாக்கும் அணுநிலைக் கட்டளை வேண்டும்.