ஷாஃப்ட்டை மாற்றுமுன்: வீட்டில் கால்ஃப் கிளப் பழுது பார்ப்பவர்களுக்கு

ஒரு டிரைவர் கிளப்பின் தலை ஏறத்தாழ 200 கிராம் எடை. அயர்ன் கிளப்பின் தலை இன்னும் கனம், பெரும்பாலும் 250 கிராமைத் தாண்டும். சாதாரண ஆட்டக்காரர் டிரைவரை வீசும்போதே அதன் தலை மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது. இந்த எடையை, இந்த வேகத்தில், ஷாஃப்ட் எனும் தடியோடு பிடித்து வைத்திருப்பது ஆணியோ திருகோ அல்ல. ஒன்று முதல் ஒன்றரை அங்குல ஆழத்துக்குப் பூசிய எபாக்ஸிப் பசைதான். வீட்டில் ஷாஃப்ட் மாற்றுகிறவர் அந்தப் பசையைச் சூடாக்கிப் பிரிக்கிறார், பிறகு தன் கையால் புதிதாகப் பூசுகிறார். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அது பிசகினால் அடிபடுவது பெரும்பாலும் கிளப்பைப் பிடித்திருப்பவர் அல்ல, அருகிலும் எதிரிலும் நிற்கிறவர்.

கொச்சியில் கால்ஃப் ஆட இரண்டு இடங்கள் உண்டு. போல்காட்டித் தீவில், டச்சுக்காரர்கள் 1744-இல் கட்டிய மாளிகையை ஒட்டி ஒன்பது குழி மைதானம் ஒன்று. நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒட்டி இன்னொன்று. கொச்சியின் பழைய பகுதியான மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் போல்காட்டி. ஆட இடம் இருக்கிறதே தவிர, ஷாஃப்ட் மாற்றித் தருவதற்கென்றே உள்ள பட்டறையைத் தேடிப் பிடிப்பது லேசல்ல. வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பழைய செட்டோ, இணையத்தில் வாங்கிய செகண்ட் ஹாண்ட் அயர்னோ கையில் இருக்கும். ஷாஃப்ட் துருப்பிடித்திருக்கும், அல்லது வயதான கைக்குக் கனமாக இருக்கும். கூரியரில் வெளியூருக்கு அனுப்பும் செலவை நினைத்தால் நாமே செய்துவிடலாம் என்று தோன்றும். நியாயமான ஆசைதான். இந்த ஆட்டம் பணக்காரர்களுக்கு மட்டுமே என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆடுபவரின் பையைச் சுமக்கும் கேடியாக இருந்து வந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபனை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இல் வென்றார். குறைந்த செலவில் கிளப்பைச் சரிசெய்துகொள்ள நினைப்பதில் தவறே இல்லை.

பிரிக்கும் முன்பே பார்க்க வேண்டியது

முதலில் பில்லை எடுங்கள். புதிதாக வாங்கிய கிளப் என்றால் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். வெளியாள் பிரித்த கிளப்புக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதம் தருவதில்லை. தலை ஆடுகிறது, ஷாஃப்ட்டில் விரிசல் தெரிகிறது என்றால் அதைத் தொடாமல், எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து, விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இதற்குச் சட்டக் காரணம் ஒன்று இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழுதான பொருளால் காயம்பட்டவர் தயாரிப்பாளரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது. அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவு சொல்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: காயம் ஏற்பட்ட நேரத்தில் அந்தப் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால், விற்றவர் மீது அந்த வழக்கைத் தொடர முடியாது. நீங்கள் ஹோசலைச் சூடாக்கிய நிமிடத்திலிருந்து, அதாவது ஷாஃப்ட் நுழையும் அந்தக் கழுத்துப் பகுதியில் தீ பட்ட நிமிடத்திலிருந்து, அந்தக் கிளப்புக்குப் பொறுப்பு உங்களுடையதாகிறது. இதைத் தெரிந்துகொண்டு செய்வது வேறு, தெரியாமல் செய்வது வேறு.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் அதற்கென ஒரு குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. அது எடுத்துக்கொண்டவை வேளாண் கருவிகள், செல்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள். விளையாட்டுக் கருவிகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கால்ஃப் கிளப்புக்கு நமக்குத் துணை பொதுவான நுகர்வோர் சட்டம்தான்.

செகண்ட் ஹாண்டில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கடையிலோ வணிகத் தளத்திலோ வாங்கினால் நீங்கள் நுகர்வோர். தெரிந்தவர் ஒருவர் தன் பழைய கிளப்பை உங்களுக்கு விற்றால் அவர் வியாபாரி அல்ல. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழியிருக்காது. அங்கே கண்ணால் பார்த்து வாங்குவதுதான் பாதுகாப்பு. கைப்பிடியான கிரிப்பின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத் துருத்தூள் கொட்டுகிறதா, ஹோசலுக்குச் சற்று மேலே பள்ளமோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். மட்டாஞ்சேரியின் உப்புக் காற்றில் வருடக்கணக்காக மூலையில் நின்ற எஃகு ஷாஃப்ட், வெளியே பளபளவென்றும் உள்ளே அரித்தும் இருக்கக்கூடும். ஷாஃப்ட்டுகள் உடையும்போது அநேகமாக ஹோசலின் விளிம்பை ஒட்டித்தான் உடைகின்றன.

போலிகளும் உண்டு. முன்னணி கால்ஃப் நிறுவனங்கள் போலிகளுக்கு எதிராக 2004-இலேயே கூட்டுக் குழு அமைக்கும் அளவுக்கு இது பெரிய வியாபாரம். கிராஃபைட் ஷாஃப்ட்டில் பெயர் என்பது ஒரு ஸ்டிக்கரும் பெயிண்ட்டும்தான். உள்ளே இருக்கும் இழை எது என்று கண்ணுக்குத் தெரியாது. நம்ப முடியாத விலைக்கு வருவதை நம்பாதீர்கள். இணையத்தில் வாங்கும்போது எந்த நாட்டுத் தயாரிப்பு, யார் இறக்குமதி செய்தது என்ற விவரம் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பும் பசையும்

வேலையில் இறங்குபவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: டிரைவரில் தொடங்காதீர்கள். இப்போதைய டிரைவர் தலைகள் பலவற்றில் டைட்டானியத்தோடு கார்பன் மூடியும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஹோசலுக்குக் காட்டும் சூடு அதையும் கெடுக்கும். ஹோசலில் திருகு வைத்த டிரைவர் என்றால் அதே நிறுவனத்தின் ஸ்லீவ் பொருத்திய ஷாஃப்ட்டை வாங்கி, கிளிக் சத்தம் வரும் வரை அதற்குரிய ரென்ச்சால் முடுக்கினால் போதும், நெருப்பே வேண்டாம். உள்ளே வெற்றிடம் விட்டு பாலிமர் நிரப்பிய அயர்ன் தலைகளையும் சூடாக்காதீர்கள். அடைபட்ட காற்றும் நிரப்பிய பொருளும் சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்று வீட்டில் கணிக்க முடியாது. பழைய, முழுக்க எஃகாலான ஒரே ஒரு அயர்ன், அதுவும் எஃகு ஷாஃப்ட் போட்டது, கற்றுக்கொள்ள ஏற்றது.

எஃகு ஷாஃப்ட் என்றால் ஹோசலைச் சுற்றிச் சமமாகச் சூடாக்கி, பசை இளகியதும் தலையை மெல்லத் திருகி எடுக்கலாம். கிராஃபைட்டில் அப்படித் திருகினால் இழைகள் கிழிந்துவிடும். நேராக இழுக்க அதற்கென்று ஒரு கருவி வேண்டும். கிராஃபைட்டின் பிசினும் ஹோசலின் பசையும் ஏறக்குறைய ஒரே குடும்பம் என்பதால், பசையை இளக்கும் சூடு ஷாஃப்ட்டையும் இளக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. நூறாவது வீச்சில் தெரியும். அந்தக் கருவி இல்லாதவர் எடுத்த கிராஃபைட் ஷாஃப்ட்டை மறுபடி எதிலும் போடக் கூடாது.

மட்டாஞ்சேரியில் எங்கே உட்கார்ந்து இதைச் செய்கிறீர்கள் என்பது மிக முக்கியம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், மரச் சட்டத்தின் மேல் ஓட்டுக்கூரை, பக்கத்திலேயே சாக்கு மூட்டைகள் அடுக்கிய பண்டகசாலை. இந்தச் சந்துகளில் ஒரு பொறி போதும். அறைக்குள் செய்யாதீர்கள். திறந்த முற்றத்தில், சிமெண்ட் தரையில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு செய்யுங்கள். சமையல் சிலிண்டரிலிருந்து குழாய் இழுத்து டார்ச் செய்ய ஒருபோதும் முயலாதீர்கள். அது ஆபத்து மட்டுமல்ல, வீட்டு சிலிண்டரைச் சமையலுக்கு அல்லாமல் பயன்படுத்துவது விதிமீறலும்கூட. ஹீட் கன் கிடைத்தால் அதுவே நல்லது. சூடான எபாக்ஸியின் புகை கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். கிராஃபைட் ஷாஃப்ட்டை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணி சுற்றி அறுங்கள், முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். குழந்தைகளை அண்டவிடாதீர்கள். தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையோ மஞ்சளோ வேண்டாம்.

கிரிப்பைக் கழற்றி மாட்டும்போது நிறையப் பேர் பெட்ரோலை ஊற்றுகிறார்கள். அதே முற்றத்தில் டார்ச் எரிந்துகொண்டிருக்கும். கிரிப் வேலையும் நெருப்பு வேலையும் ஒரே நாளில் வேண்டாம். தண்ணீரில் வழுக்கும் கிரிப் டேப் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பசையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சட்டென ஒட்டும் குப்பிப் பசை இந்த வேலைக்கு ஆகாது. அடியின் அதிர்வில் அது விட்டுவிடும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸியும் வேண்டாம். கொச்சியில் இன்னொரு குழப்பத்துக்கும் இடமுண்டு. ஃபைபர் படகு பழுது பார்க்கும் இடங்களில் ரெசினும் ஹார்டனரும் சுலபமாகக் கிடைக்கும், மலிவாகவும் கிடைக்கும். அது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின், எபாக்ஸி அல்ல. கண்ணாடி இழைப் பாய்களை இறுக வைக்கச் செய்த அந்தச் சரக்கு, உலோகத்தைப் பிடித்து நிற்காது. மெதுவாக இறுகும் இரட்டைக் குழாய் எபாக்ஸி சில நூறு ரூபாய்தான். இந்த வேலை முழுவதிலும் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான்.

அளவையும் பாருங்கள். அயர்ன் ஷாஃப்ட்டின் நுனி விட்டம் 0.355 அங்குலம், 0.370 அங்குலம் என இரண்டு வகை. 0.370 ஹோசலில் 0.355 ஷாஃப்ட்டைத் தளர்வாக நுழைத்து, பசையை நிறைய ஊற்றி அடைத்துவிடலாம் என்று நினைப்பது மிக ஆபத்தான சிக்கனம். வெர்னியர் காலிப்பரால் அளந்த பிறகே வாங்குங்கள். ஹோசலுக்குள் பழைய பசை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் சுரண்டி, ஷாஃப்ட் நுனியின் பளபளப்பு போகும்வரை ஹோசலின் ஆழத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, விரல் படாமல் பசை பூச வேண்டும். மழைக்காலத்தில் உலோகத்தின் மேல் ஈரம் படியும். கதகதப்பாக உலர்த்திவிட்டுப் பூசுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் பசை முழுப் பலம் பெற்றுவிட்டதாகாது. குழாயில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ அத்தனையும் காத்திருங்கள், மழை நாளில் இன்னொரு நாளும்.

பிறகு ஷாஃப்ட்டும் தலையும் சேரும் இடத்தில் மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ஆளில்லாத இடத்தில், வலைக்குள், மெதுவாகச் சில வீச்சு, பிறகு கோட்டைப் பாருங்கள். பலமாகச் சில வீச்சு, மறுபடி பாருங்கள். கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் பிரித்து முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்தச் சோதனை முடியும்வரை அந்தக் கிளப்பை மைதானத்துக்குக் கொண்டுபோக உங்களுக்கு உரிமையில்லை என்றே நான் நினைக்கிறேன். அங்கே உங்கள் எதிரில் பையைச் சுமந்து நிற்பவருக்கு, உங்கள் பசை காய்ந்ததா என்று கேட்கும் வாய்ப்பே இல்லை.

ஏதாவது நடந்துவிட்டால்

உடைந்த ஷாஃப்ட் ஆளைக் கொல்லும். 1994-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கோபத்தில் கிளப்பை ஒரு பெஞ்சின் மேல் அடித்த 16 வயதுப் பையன், முறிந்து திரும்பி வந்த ஷாஃப்ட் நெஞ்சில் பாய்ந்து இறந்துபோனான். தலை கழன்று பறந்து இன்னொருவர் காயப்பட்டால், கவனக்குறைவு என்ற கேள்வி உங்களை நோக்கி வரும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு, அசட்டையான செயலால் பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு வரை சிறை. மரணம் நேர்ந்தால் 106-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை. இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்கும் காயப்பட்டவர் போகலாம். இப்படிப்பட்ட பொறுப்பையும் உள்ளடக்கிய, கால்ஃப் ஆடுபவர்களுக்கான காப்பீட்டுத் திட்டத்தைச் சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கின்றன. வாங்கும்போது, வீட்டில் பழுது பார்த்த கிளப்பால் நேரும் காயம் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

குறை நீங்கள் வாங்கிய ஷாஃப்ட்டிலோ, காசு கொடுத்துச் செய்வித்த வேலையிலோ இருந்தால், உடைந்த துண்டுகளைத் தேய்க்காமல், கழுவாமல், அப்படியே உறையில் போட்டு வையுங்கள். ஆணையம் தேவைப்பட்டால் அவற்றைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். இணையத்தில் வாங்கியதென்றால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியிலோ மும்பையிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

கேடிகளுக்கு ஒரு வார்த்தை. வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்ந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய்; 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் மரணம் என்றால் குடும்பத்துக்கு 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். பணம் கணக்கிலிருந்து தானாகவே கழியும், ஆகவே மே மாதக் கடைசியில் அந்த 20 ரூபாய் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.