மாறிய செய்தியும் மாறாத நகலும்

கல்லூரி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் தேர்வுக் கால அட்டவணை ஒட்டப்படுகிறது. எல்லாரும் ஒரே இடத்தில் முண்டியடிக்க வேண்டாம் என்பதற்காக, அதன் நகல்களை நூலகத்திலும் விடுதியிலும் ஒட்டிவைக்கிறார்கள். நெரிசல் குறைகிறது. சில நாள் கழித்து, 14ஆம் தேதி நடக்கவிருந்த இயற்பியல் தேர்வு 12ஆம் தேதிக்கு மாற்றப்படுகிறது. அலுவலகப் பலகையில் திருத்திவிட்டார்கள். விடுதிச் சுவரில் திருத்தவில்லை. அந்த நகலை நம்பிய மாணவரின் கதி என்ன?

இணையத்தளங்களிலும் இதே சிக்கல் நாள்தோறும் எழுகிறது. அதை எவ்வாறு தீர்க்கிறார்கள் என்று காண்போம்.

நகல் எதற்கு?

நீங்கள் ஒரு செய்தித்தாளின் இணையத்தளத்தைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கம் பெரும்பாலும் அச்சிட்ட தாளைப்போல ஆயத்தமாக இருப்பதில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான், சர்வர் என்னும் கணிப்பொறி தலைப்பு, செய்தி, படம் ஆகியவற்றைத் தகவல் தளத்திலிருந்து திரட்டி, ஒரு பக்கமாகக் கோத்து அனுப்புகிறது. ஒரு பக்கத்தைக் கோக்க 0.05 வினாடி ஆகிறது என்று கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் வினாடிக்கு 20 பக்கங்கள் மட்டுமே இயலும். ஒரே நேரத்தில் 1,000 பேர் கேட்டால், கடைசியாக நிற்பவர் 50 வினாடி காத்திருக்க வேண்டும்.

அந்த 1,000 பேரும் கேட்பது ஒரே முதற்பக்கமாக இருந்தால்? ஒருமுறை கோத்து, அதன் நகலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மற்ற 999 பேருக்கும் அதையே கொடுத்துவிடலாம் அல்லவா? இப்படி நகலை வைத்திருக்கும் இடத்திற்குக் 'கேஷ்' என்று பெயர். ஒளித்துவைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. இக்கருத்து இணையத்தைவிடப் பழையது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ், கணிப்பொறியின் நினைவகத்திற்கு இத்தகைய ஏற்பாட்டை 1965இல் விவரித்தார். இணையப் பக்கங்களுக்கு இவ்வேலையைச் செய்யும் 'வார்னிஷ்' என்னும் மென்பொருள் 2006இல் வெளிவந்தது. நார்வே நாட்டு நாளிதழான வெர்டன்ஸ் காங்கின் இணையப் பிரிவுக்காகத் தொடங்கப்பட்ட அதை வடிவமைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பௌல்-ஹென்னிங் காம்ப்.

எளிய வழிகள் இரண்டு

நகலை வைப்பது எளிது. மூலம் மாறியதும் அதைத் தூக்கியெறிவதுதான் கடினம்.

முதல் வழி, ஒவ்வொரு நகலுக்கும் ஆயுள் குறிப்பது. பத்து நிமிடம் என்று குறித்தால், பத்து நிமிடம் கழிந்ததும் நகல் காலாவதியாகும். அடுத்து வருபவருக்குப் புதிய பக்கம் கிடைக்கும். ஆனால் செய்தி எந்தக் கணத்திலும் மாறலாம். ஆகவே மாற்றம் வெளியே தெரியச் சராசரியாக 5 நிமிடமும், அதிகமாக 10 நிமிடமும் ஆகும். சினிமா விமரிசனத்திற்கு இந்தத் தாமதம் பொருட்டல்ல. மருந்தின் அளவைத் தவறாக வெளியிட்டுத் திருத்தும்போதோ, புயல் எச்சரிக்கையை மாற்றும்போதோ ஐந்து நிமிடமும் அதிகமே.

இரண்டாம் வழி, ஏதேனும் ஒன்று மாறியவுடன் எல்லா நகல்களையும் அழித்துவிடுவது. தளத்தில் 10,000 பக்கங்கள் இருப்பின், அவற்றை மறுபடி கோக்க 500 வினாடி, அதாவது 8 நிமிடம் 20 வினாடி, உழைக்க வேண்டும். வாசகர் கூட்டம் அதற்காகக் காத்திராது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தப்போய்த் தளமே திணறும்.

தேர்ந்தெடுத்து நீக்குதல்

எனவே, மாற்றத்தால் பாதிக்கப்பட்ட நகல்களை மட்டும் நீக்க வேண்டும். ஆறு பக்கங்கள் மட்டுமே பாதிக்கப்பட்டிருந்தால் 0.3 வினாடியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த ஆறு எவை?

ஒரு செய்தியின் தலைப்பு அதன் சொந்தப் பக்கத்தில் மட்டுமா இருக்கிறது? முதற்பக்கத்திலும், விளையாட்டுப் பிரிவின் பட்டியலிலும், வேறு பல செய்திகளின் ஓரத்திலும்கூட அது இருக்கும். செய்தியின் முகவரியை மட்டும் பார்த்து இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க இயலாது.

இதற்கு ஒரு நல்ல உத்தி உண்டு. பாடநூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் பார்த்திருப்பீர்கள். 'உராய்வு' என்ற சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று அது சொல்லிவிடும். அதுபோலவே, சர்வர் ஒரு பக்கத்தைக் கோக்கும்போதே, அதில் சேர்ந்த பொருள்களின் பெயர்களை நகலின்மேல் ஒட்டுச்சீட்டாகக் குறித்துவைக்கிறது. முதற்பக்கத்தில் 'செய்தி 57', 'செய்தி 61' என இரு சீட்டுகள் இருக்கின்றன என்று கொள்வோம். 57ஆம் செய்தி மாறியதும், 'செய்தி 57 என்ற சீட்டு உள்ளவை செல்லாது' என்று ஓர் ஆணை பிறக்கிறது. மற்ற நகல்கள் அப்படியே இருக்கும். 2015இல் வெளிவந்த 'ட்ரூப்பல் 8' என்ற இணையத்தள மென்பொருள் இம்முறையைத் தன் அடிப்படை அமைப்பிலேயே கொண்டிருந்தது.

புதிதாக 62ஆம் செய்தி வந்தால் என்ன செய்வது? அந்தச் சீட்டு எந்த நகலிலும் இராதே! அதனால்தான் பட்டியல் உள்ள பக்கங்களுக்குச் 'செய்திப் பட்டியல்' என்று தனிச்சீட்டும் ஒட்டுகிறார்கள். புதுச் செய்தி சேரும்போது அந்தச் சீட்டு உள்ளவை நீக்கப்படும்.

எது முன், எது பின்?

இங்கே வரிசை முக்கியம். நகலை முதலில் நீக்கிவிட்டு, மூலத்தைப் பிறகு திருத்தினால் என்ன ஆகும்? இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தில் ஒருவர் பக்கத்தைக் கேட்டால், திருத்தப்படாத மூலத்திலிருந்து மறுபடியும் பழைய நகலே உருவாகிவிடும். ஆகவே முதலில் மூலத்தைத் திருத்த வேண்டும். அதன் பின்னரே நகலை நீக்க வேண்டும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பழைய மூலத்தைப் படித்துக் கோத்துக்கொண்டிருக்கும்போதே நீக்க ஆணை வந்து போய்விட்டால், கோத்து முடித்த பழம்பக்கம் பிறகு வந்து கேஷில் அமர்ந்துகொள்ளும். கோக்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பின் ஆணை வந்திருந்தால் அந்நகலைச் சேமிக்காமல் விடுவது இதற்கு ஒரு மருந்து.

நீக்கிய பக்கத்தை ஒரே நேரத்தில் பலர் கேட்டால், முதல்வருக்காக ஒருமுறை கோத்து, மற்றவரைக் கணநேரம் காக்கவைத்து அதையே கொடுப்பதும் வழக்கம்.

உங்கள் கையிலுள்ள நகல்

சர்வர் தன்னிடமுள்ள நகலை நீக்கலாம். உங்கள் செல்போனில் பிரவுசர் வைத்திருக்கும் நகலைத் தானாக எட்டிப்பிடிக்க இயலாது. அதனால் முக்கியமான பக்கங்களை அனுப்பும்போதே, 'இதை மறுபடி காட்டுமுன் என்னைக் கேள்' என்ற நிபந்தனையுடன் ஓர் அடையாளக் குறியையும் சேர்த்து அனுப்புகிறது. அடுத்த முறை பிரவுசர் அக்குறியைக் காட்டி விசாரிக்கும். மாற்றம் இல்லையெனில் 304 என்ற எண்ணைத் தாங்கிய சிறு பதில் மட்டும் வரும். மாறியிருந்தால் முழுப் பக்கமும் வரும்.

இந்த ஏற்பாடுகள் எல்லாத் தளங்களிலும் சரிவர அமைந்திருப்பதில்லை. ஆகவே தேர்வு நாள், ரயில் நேரம், புயல் எச்சரிக்கை போன்றவற்றைப் பார்க்கும்போது, பக்கத்தை ஒருமுறை புதுப்பித்து, அதில் தேதியும் நேரமும் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். நகல் வேகத்தைத் தருகிறது. அது எதிலிருந்து, எப்போது எடுக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அதை நம்பலாம்.