வங்காளச் சொல் ‘ப்ரொஷ்ரொய்’: பொருளும் பெயர்ப்பும்

கொல்கத்தாவில் வீட்டுப் பேச்சிலும் நாளேடுகளிலும் ஒருங்கே வழங்கும் சொல் ‘ப்ரொஷ்ரொய்’. ஒருவரது குறையை அறிந்தும் தடுக்காது விடுதல் என்பது இதன் பொருள். இதன் மூலமாகிய ‘பிரச்ரயம்’ என்னும் வடசொல் பணிவையும் மரியாதையையும் குறிப்பது. பணிபவரின் பண்பைச் சுட்டிய சொல், வங்காளத்தில் விட்டுக்கொடுப்பவரின் செயலைச் சுட்டலாயிற்று. மதிப்பைக் குறிக்கும் ‘ஆதரம்’ என்பதும் அங்கு ‘ஆதொர்’ என்றாகிக் கொஞ்சுதலைக் குறிக்கிறது. தமிழிலோ அது ‘ஆதரவு’ என நிற்கிறது.

‘ப்ரொஷ்ரொய்’ கொடுத்தற்பொருள் தரும் ‘தேவா’ என்னும் வினையோடு சேர்ந்து வரும். தமிழிலும் ‘செல்லம் கொடு’, ‘இடம் கொடு’ என்றே வழங்குகிறோம். ஆயினும் இவற்றின் வருகையிடங்கள் வேறு. பாட்டி பேரனுக்கு அளிக்கும் ப்ரொஷ்ரொய் ‘செல்லம்’ ஆகும். ஊழலுக்கோ அநீதிக்கோ அளிக்கப்படுவது ‘செல்லம்’ ஆகாது. அச்சொல் உயிருள்ளவற்றையே ஏற்கும். அங்கு ‘இடங்கொடுத்தல்’ என்பதே பொருந்தும். “இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்” என்னும் பழமொழியிலும் இக்கண்டனத் தொனி உண்டு.

‘ப்ரொஷ்ரொயேர் ஹாஷி’ என்னும் தொடரில்தான் சிக்கல் மிகுதி. தவற்றைக் கண்டும் அன்பினால் பொறுக்கும் சிரிப்பு அது. ‘செல்லச் சிரிப்பு’ என்றால் சிரிப்பவரே குழந்தையாகிவிடுவார். ‘இடங்கொடுக்கும் சிரிப்பு’ என்றால் கனிவு மறையும். ‘கண்டும் காணாததுபோல் கனிவாகச் சிரித்தார்’ என விரித்துரைப்பதே தகும்.

எனவே இருமொழி அகராதி ‘செல்லம்’ என்னும் ஒரு சொல்லோடு அமைதல் போதாது. கொடுக்கப்படுவது யாருக்கு அல்லது எதற்கு என்பதை நோக்கியே மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தெரிதல் வேண்டும்.