மணிக்கட்டில் குழாய்: கையொப்பத்துக்கு முன்னும் பின்னும்

மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி அஞ்சியோகிராம் செய்து வீடு திரும்புகிறவர்கள் செய்யும் பிழைகள் மாறுவதேயில்லை. கட்டு இறுக்குகிறது என்று வழியிலேயே அவிழ்ப்பார்கள். மறுநாளே தோணியேறி வீச்சுவலை எறிவார்கள். இரத்தம் கசிந்தால் கோப்பித்தூளை அப்புவார்கள். ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "காட்டின இடத்தில கையெழுத்து வைச்சன்" என்பார்கள்.

மணிக்கட்டு வழி நல்ல வழிதான். 1989இல் மொன்றியலில் லூசியன் காம்போ இந்த முறையை விவரித்தார். இதைத் தொடைவழியோடு ஒப்பிட்டு 2011இல் வெளியான ரைவல் ஆய்வில் 7021 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். பெரிய இரத்தக்குழாய்ச் சிக்கல் தொடைவழிச் சிகிச்சையில் 3.7 சதவீதம், மணிக்கட்டு வழியில் 1.4 சதவீதம் மட்டுமே.

ஆனால் மணிக்கட்டு நாடி இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமே உடையது. திரும்பத் திரும்பக் குத்தினால் சுருங்கிக்கொள்ளும். அதனால் முதல் குத்திலேயே உள்ளே போவது முக்கியம். விரலால் துடிப்பைத் தடவிக் குத்துவது வழமை. ஸ்கான் திரையில் நாடியைப் பார்த்துக் குத்தினால் முதல் முயற்சியிலேயே வெற்றி கிடைப்பது கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஊசி நுழையும் விதமும் இரண்டு. முன்சுவரை மட்டும் துளைத்து, இரத்தம் வந்ததும் கம்பியைச் செலுத்துவது ஒன்று. கனுலா ஊசியால் இரு சுவரையும் கடந்து, ஊசியை எடுத்துவிட்டு, குழாயை மெல்லப் பின்னிழுத்து இரத்தம் வரும்போது கம்பியைச் செலுத்துவது மற்றது. எதைக் கையாள்வது என்பது வைத்தியரின் தேர்ச்சியைப் பொறுத்தது. ஆனால், "துடிப்புப் பிடிபடாவிட்டால் ஸ்கான் வைப்பீங்களா? கை சரிவராவிட்டால் அடுத்த வழி என்ன?" என்று கேட்பது உங்கள் உரிமை.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்லுங்கள். பின்னாளில் டயாலிசிசுக்குக் கையில் நாடி வேண்டியிருக்கும். கிளினிக் கொப்பியில் இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். வாயால் சொல்லுங்கள். வார்பரின், மெட்போமின் குடித்தால் அதையும் சொல்லுங்கள்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று இலங்கை அரசியலமைப்பே சொல்கிறது. "நேரமில்லை" என்பது ஒரு பதிலல்ல.

வீட்டில் இரத்தம் கசிந்தால் காயத்தின் மேலும் அதற்குச் சற்று மேலேயும் விரலால் அழுத்துங்கள். கையை உயர்த்துங்கள். நிற்காவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையில் பாதைப் படகைக் கடந்து வரவேண்டியவர்கள் காத்திருந்து பார்க்கக் கூடாது. கை வெளிறினாலும், குளிர்ந்தாலும், விரல் மரத்தாலும், முன்கை வீங்கி இறுகினாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வைத்தியர் சொல்லும்வரை வலையும் இழுக்காதீர்கள், பாரமும் தூக்காதீர்கள். கட்டையும் நீங்களாக அவிழ்க்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: கோப்பித்தூள் வேண்டாம், கயிறு கட்டவும் வேண்டாம்.

இனி, ஏதும் பிழை நடந்தால் முறைப்பாடு செய்வதற்கான கடதாசி விடயம். டயக்னோசிஸ் காட்டைப் பத்திரப்படுத்துங்கள். பி.எச்.ரி. (கட்டில் தலைச்சீட்டு) இலக்கத்தைத் தனியே எழுதி வையுங்கள். அது இல்லாமல் முறைப்பாடு நகராது. முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளருக்குத் திகதி, வாட்டு, நடந்தது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பதிவுகள் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். மருத்துவப் பதிவு என்பதால் நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மகனோ மகளோ விண்ணப்பித்தால் அதை இணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மறுக்க அதுவே சாட்டாகிவிடும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால், அடுத்த 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். வைத்தியரின் தொழில் நடத்தை பற்றிய முறைப்பாடு இலங்கை மருத்துவ சபைக்குப் போகவேண்டும். நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறை இரண்டு ஆண்டுகள் என்பதால் சட்டத்தரணியைத் தாமதியாமல் பாருங்கள்.

வாய்முறைப்பாட்டை யாரும் பதிந்து வைப்பதில்லை. எந்தக் கடிதம் கொடுத்தாலும், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வராதீர்கள்.