8-லிருந்து 9 பெரிதா, 16-லிருந்து 20 பெரிதா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு குடும்பத்தில் இரண்டு வாகனங்கள். ஒன்று பழைய வேன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 8 கிலோமீட்டர் ஓடும். இன்னொன்று கார், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும். இரண்டுமே மாதத்திற்கு 1,000 கிலோமீட்டர் ஓடுகின்றன. வேனின் கணக்கை 8-லிருந்து 9 ஆக்குவது நல்லதா? காரை மாற்றி, 20 கிலோமீட்டர் ஓடும் புதிய காரை வாங்குவது நல்லதா? எதில் அதிகப் பெட்ரோல் மிச்சம்?

கேட்டவர்களில் பெரும்பாலோர் கார் என்றார்கள். ஒன்று கூடுவதைவிட நான்கு கூடுவது பெரிதுதானே! ஆனால் சரியான விடை வேன்.

வேனுக்கு இப்போது மாதம் 125 லிட்டர் வேண்டும். 9 கிலோமீட்டர் ஓடினால் 111 லிட்டர் போதும். மிச்சம் 14 லிட்டர். காருக்கு இப்போது 62.5 லிட்டர், 20 கிலோமீட்டர் ஓடினால் 50 லிட்டர். மிச்சம் 12.5 லிட்டர்தான்.

இது பாடப்புத்தகக் கணக்கல்ல. குருணில் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு. மாமா தோட்டத்துத் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் சமையல் குத்தகை எடுப்பவர். வேனில் பாத்திரங்கள் போகும். காரில் அவர் பீடோங், சுங்கை பட்டாணி என்று அலைவார். "புதுக் காரு 20 காட்டுதாம்மா. எண்ணெய்க் காசு மிச்சமாகும், அதுலயே தவணை கட்டிடலாம்" என்றார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி 95 திட்டத்தின்படி ரோன்95 பெட்ரோல் அப்போது லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அந்த விலையில் 12.5 லிட்டர் மிச்சம் என்றால் மாதம் 25 வெள்ளிகூட இல்லை. காருக்கு மாதத் தவணையோ பல நூறு வெள்ளி!

நம்மை ஏமாற்றுவது எண்ணல்ல, அதன் அலகு. 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்பது தூரத்தைச் சொல்கிறது. நாம் காசு கொடுப்பதோ லிட்டருக்கு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் 'சயன்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அங்கே ஓர் அளவு எரிபொருளுக்கு எத்தனை மைல் என்று கணக்கிடுவது வழக்கம். 2013-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து, 100 மைலுக்கு எவ்வளவு எரிபொருள் என்பதையும் விவரச் சீட்டில் அச்சிடுகிறார்கள். நம் நாட்டுக் கார்கள் பலவற்றிலும் திரையின் அமைப்பில் போய் '100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்' என்று மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை மாற்றிப் பாருங்கள். வேனின் 8 என்பது 12.5 ஆகும், காரின் 16 என்பது 6.25 ஆகும். எது அதிகம் குடிக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

சரி, அந்தத் திரைக்கு எண் எப்படிக் கிடைக்கிறது? இயந்திரத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது காரின் கணினிக்குத் தெரியும். அதை வைத்துச் செலவான பெட்ரோலைக் கணக்கிடுகிறது. சக்கரம் சுழன்றதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. பிறகு வகுத்தல்தான்.

திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று இந்த நொடிக்கு உரியது, மற்றது சராசரி. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது தூரம் பூஜ்யம், பெட்ரோலோ எரிந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் அப்போது நொடிக்கணக்கு அடிமட்டத்திற்குப் போகிறது. சராசரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 100 கிலோமீட்டரை லிட்டருக்கு 10 என்றும், அடுத்த 100 கிலோமீட்டரை லிட்டருக்கு 20 என்றும் ஓட்டினால் சராசரி 15 ஆகாது. 10 லிட்டரும் 5 லிட்டரும் சேர்ந்து 15 லிட்டர்; 200-ஐ 15-ஆல் வகுத்தால் 13.3. மோசமாக ஓட்டிய பாதி, நன்றாக ஓட்டிய பாதியைவிடக் கனமானது.

திரை சொல்வதும் மதிப்பீடுதான். அதைச் சரிபார்க்கத் தொட்டியை நிரப்பும் முறையே நல்லது. பம்ப் தானாக நிற்கும்வரை எண்ணெய் அடியுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். வழக்கம்போல ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே நிலையத்தில், மீண்டும் பம்ப் தானாக நிற்கும்வரை அடியுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை அடித்த லிட்டரால் வகுத்தால் உண்மைக் கணக்கு கிடைக்கும். எங்கள் வீட்டுக் காரில் திரை 15.8 காட்டியது. 402 கிலோமீட்டருக்கு 27.2 லிட்டர் பிடித்ததால் உண்மையில் 14.8. இதனால் திரை பயனற்றது என்று ஆகாது. நேற்றைவிட இன்று நன்றாக ஓட்டினோமா என்று ஒப்பிட அது போதும். மாமாவின் வேனிலோ திரையே கிடையாது. அதன் 8 கிலோமீட்டர் கணக்கே இந்த முறையில் கிடைத்ததுதான்.

இனி ஓட்டும் விதத்துக்கு வருவோம். படிவம் 4 இயற்பியல் இங்கே கைகொடுக்கும்.

முதலாவது, வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நெடுஞ்சாலையில் 35 கிலோமீட்டர் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். குருணிலிருந்து அலோர் ஸ்டார் ஏறக்குறைய அவ்வளவுதான். 110-இல் 19 நிமிடம், 90-இல் 23 நிமிடம். நான்கு நிமிடத்துக்காக எவ்வளவு பெட்ரோல் கொடுக்கிறோம் என்பதைத் திரையிலேயே பார்க்கலாம். 90-இல் போகும்போது இடது தடத்தில் போங்கள்.

இரண்டாவது, ஏற்றம். நம் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். 1,000 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் ஏற 98 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் இருக்கிறது. ஆனால் இயந்திரம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சக்கரத்திற்குக் கொடுப்பது அரிது. ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே ஏறக்குறைய ஒரு லிட்டர் போய்விடும். அப்போது திரை மோசமான எண்ணைக் காட்டினால் கார் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இறங்கும்போது சிலர் ஃப்ரீ கியரில் விடுவார்கள். அது ஆபத்து, மிச்சமும் இல்லை. இன்ஜெக்டர் உள்ள கார்களில், கியரில் இருக்கும்போது எண்ணெய் பெடலிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். ஃப்ரீ கியரில் விட்டாலோ இயந்திரம் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். குறைந்த கியரில் இறங்கினால் பிரேக்கும் சூடேறாது.

மூன்றாவது, பிரேக். ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வெப்பமாக்கி வீசுகிறோம். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தால் முன்கூட்டியே காலை எடுங்கள். பாய்ந்து கிளம்பிச் சட்டென்று நிறுத்தும் பழக்கம், நின்று நின்று போகும் சாலையில் எரிபொருள் சிக்கனத்தை 10 முதல் 40 விழுக்காடு வரை குறைக்கும் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தகவல் தளம்.

நான்காவது, டயர் காற்றும் சுமையும். மாமாவின் வேனில் வேலை இல்லாத நாளிலும் இரும்பு அடுப்புகளும் பெரிய அண்டாக்களும் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை இறக்கினோம். டயருக்குச் சரியான அளவு காற்று அடித்தோம். மாமாவும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அடுத்த மூன்று முறை தொட்டியை நிரப்பிப் பார்த்ததில் 8.9 வந்தது. ஒரு காசு கடன் இல்லாமல், புதுக் கார் தரவிருந்த மிச்சம் கைக்கு வந்துவிட்டது. தவணைப் பாரம் இன்னும் நிரப்பப்படாமல் மாமா வீட்டில் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஆகவே மிச்சமாவது காசு மட்டுமல்ல.

உரிமம் எடுத்தவர்கள் இந்த வாரமே தொடங்கலாம். எடுக்காதவர்கள் அப்பா அம்மா எண்ணெய் அடிக்கும்போது கூடப் போய், கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வீட்டில் எத்தனை வாகனம் இருந்தாலும், அதிகம் குடிப்பது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.